ஏரிக்குள் வரும் அயல் களைகள்: தடுக்கும் பணியும் அதற்கான படிப்பும்

(திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் கூடிய உழவர்களிடையே ஆற்றிய உரை)



சென்ற முறை இப்பகுதிக்கு வந்திருந்தபோது, ஓர் உழவர் என்னைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, என் மகள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். ஏரி குளங்களைக் காப்பாற்றுகிற வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள். அப்படி ஒரு வேலை உண்டா? அதை நம்பிப் பெண்ணைப் படிக்க வைக்கலாமா?" என்றார். நின்ற நிலையில் விடை சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. ஆகவே இன்றைய உரையை அந்தக் கேள்விக்கு விடையாகவே அமைத்துக்கொண்டேன். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீர்க்களைகள் தொடர்பான பணியில் இருந்தவன். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்த இடத்தையே பாருங்கள். ஆசிரமத்தை ஒட்டிப் பாலி தீர்த்தம் இருக்கிறது. சற்றுத் தள்ளிச் சமுத்திரம் ஏரி இருக்கிறது. மலையில் பெய்யும் மழை ஓடைகளில் இறங்கி இத்தகைய குளங்களிலும் ஏரிகளிலும் சேர்கிறது. நம் மாவட்டத்து ஏரிகள் பெரும்பாலும் தனித்தனியாக இருப்பவை அல்ல. மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால் கீழ் ஏரிக்குத் தண்ணீர் வரும். தண்ணீர் வரும் அதே வழியில் களையும் வரும். ஆகவே ஓர் ஏரியில் விழுந்த செடி, அந்த ஓர் ஏரியின் ஆயக்கட்டுக்காரர்களுக்கு மட்டும் கவலை தருவது அன்று.

அயல் இனம் என்பது எது?

வெளிநாட்டிலிருந்து வந்தவை எல்லாம் கெட்டவை அல்ல. நிலக்கடலையும் மிளகாயும் மக்காச்சோளமும் தென் அமெரிக்கா, மெக்சிகோ பக்கமிருந்து வந்தவைதாம். அவை நாம் விதைத்தால் வளரும், விட்டுவிட்டால் நின்றுவிடும். ஆனால் சில உயிரினங்கள் புதிய இடத்துக்கு வந்தபின் மனிதன் கை இல்லாமலே பெருகி, அங்குள்ளவற்றை அழுத்தி, பிழைப்புக்கே கேடு செய்கின்றன. இவற்றையே அயல் ஆக்கிரமிப்பு இனங்கள் என்கிறோம். சொந்த ஊரில் அவற்றைத் தின்று அடக்கி வைத்த பூச்சியும் நோயும் இங்கே கூட வருவதில்லை. அதனால்தான் இங்கே இத்தனை வேகம்.

நீரில் இதற்குத் தலையாய சான்று ஆகாயத்தாமரை. தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த செடி. ஊதாப் பூவின் அழகுக்காக உலகெங்கும் தோட்டக் குளங்களுக்குக் கொண்டு போகப்பட்டது. நல்ல வெயிலும் சத்துள்ள நீரும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துச் செடி இரண்டு வாரத்தில் இருபது. நான்கு வாரத்தில் நாற்பது. தடையின்றி இப்படியே போனால் 32 வாரத்தில் 6,55,360 செடிகள். ஆடியில் ஒரு கூடையில் அள்ளிவிடக்கூடியது பங்குனியில் ஏரியை மூடிவிடும்.

மூடியபின் என்ன ஆகும்? நீருக்குள் வெளிச்சமும் காற்றும் போகாது. மீன் செத்து மிதக்கும். மதகும் வாய்க்காலும் அடைபடும். இலை வழியாக நீர் ஆவியாகி, திறந்த ஏரியைவிட விரைவில் தண்ணீர் வற்றும். கொசு பெருகும். செடியின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால், அதை அள்ளுவது ஏரித் தண்ணீரையே சுமப்பதற்குச் சமம். கூலி அதில்தான் போகிறது. இத்தனைக்கும் மேலாக, பூத்து உதிர்ந்த விதை சேற்றில் 15, 20 ஆண்டுகள் கூட உயிரோடு கிடக்கும். கோடையில் ஏரி வறண்டு செடியெல்லாம் கருகியபின் "தொலைந்தது சனியன்" என்று இருப்போம். அடுத்த மழையில் அது மறுபடி முளைத்துவிடும்.

என் முதல் பிழை

வேலையில் சேர்ந்த புதிதில், வேறு ஒரு மாவட்டத்தில், ஒரு சிற்றூர் ஏரியைப் பார்வையிடப் போனேன். மதகு ஓரம் நெல் காயப்போடும் பாய் அளவுக்கு ஆகாயத்தாமரை பூத்திருந்தது. வயதான நீர்க்கட்டி ஒருவர் உடன் வந்தார். "ஐயா, நாலு ஆள் இருந்தா இன்னைக்கே வாரிடலாம்" என்றார். நான் இளைஞன், விதிமுறை தெரிந்தவன் என்ற எண்ணம் எனக்கு. "இது அரசு ஏரி. யார் எடுப்பது, செலவு எந்தக் கணக்கில் என்று கேட்டு எழுதுகிறேன். அதுவரை யாரும் கை வைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுதினேன். பதில் வருவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அதற்குள் ஏரியில் முக்கால் பங்கு பச்சைப் போர்வை. மதகு அடைத்து, கடைமடை வயல்கள் அந்த ஆண்டு சம்பா நடவே செய்யவில்லை. பிறகு இயந்திரம் வந்து வாரிக் கரைமேல் குவித்தது. குவித்ததை அப்புறப்படுத்தப் பணம் ஒதுக்கியிருக்கவில்லை. ஐப்பசி மழையில் பாதி மீண்டும் ஏரிக்குள் இறங்கிவிட்டது. அந்தப் பெரியவர் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனம் இலேசாகியிருக்கும்.

களை அழிப்பில் எனக்குப் பயிற்சி இருந்தது. இல்லாதது வேறு. செடியைப் பார்த்தவர், பார்த்த அன்றே எடுப்பதற்கு வழிசெய்யும் ஓர் ஒழுங்கு இல்லை. யார் எடுப்பது, எந்தப் பணத்தில், எடுத்ததை எங்கே போடுவது, யாரிடம் தெரிவிப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதைத்தான் கொள்கை என்கிறோம். அந்த முடிவுகளை ஆராய்ந்து எழுதுவதும், சட்டமாக்க உதவுவதும், ஊரில் நடக்கிறதா என்று பார்ப்பதும்தான் அந்தப் பெண் கேட்ட வேலை.

சட்டம் பிந்தினால்

இது இன்று தோன்றிய வேலை அல்ல. இலங்கையில் 1909-ஆம் ஆண்டிலேயே ஆகாயத்தாமரையைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றினார்கள். பர்மாவில் 1917-இல் இயற்றினார்கள். வங்காளத்தில் நடந்தது நமக்கு நல்ல பாடம். அங்கே நெல்லும் சணலும் விளையும் தாழ்நிலங்களையும் படகு போகும் கால்வாய்களையும் இச்செடி அடைத்தது. 1921-இல் அறிவியல் மேதை ஜகதீச சந்திர போஸ் தலைமையில் ஆய்வுக் குழு அமைத்தார்கள். வங்காள ஆகாயத்தாமரைச் சட்டம் வந்தது 1936-இல். அடுத்த ஆண்டுத் தேர்தலில் இந்தக் களையை ஒழிப்பது ஒரு வாக்குறுதியாகவே பேசப்பட்டது. குழுவுக்கும் சட்டத்துக்கும் இடையே 15 ஆண்டு! இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் செடி 15 ஆண்டு சும்மா இருக்குமா?

நம் பக்கத்திலும் பழைய சட்டம் உண்டு. சென்னை மாகாணத்தில் 1919-இல் வேளாண்மைப் பூச்சி மற்றும் நோய்கள் சட்டம் வந்தது. பயிரைக் கெடுக்கும் பூச்சி, நோய் ஆகியவற்றோடு கேடு செய்யும் களைகளையும் அறிவிக்கை செய்து, நிலத்துக்காரர் அவற்றை ஒழிக்க வேண்டும் என்று ஆணையிட அதில் இடம் உண்டு. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருப்பது ஏரிக்கரைக்கு வந்து சேர வேண்டும். அதற்கு நடுவில் நின்று வேலை செய்ய ஆள் வேண்டும்.

பெயரில் பிழை, பல ஆண்டு வீண்

இந்தப் பணியின் முதல் பாடம், எதிரியின் பெயரைச் சரியாக அறிவது. நாம் ஆகாயத்தாமரை என்று சொல்லும் பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. சித்த மருத்துவ நூல்களில் ஆகாயத்தாமரை என்பது வேறு செடி. கோசுக்கீரையைக் கவிழ்க்காமல் வைத்ததுபோல், தண்டில்லாமல் மிதக்கும் சிறு செடி அது. ஊதாப் பூப் பூத்து, இலைக்காம்பு வெங்காயம்போல் உப்பியிருப்பதைப் பல ஊர்களில் வெங்காயத்தாமரை என்பார்கள். இன்று செய்தித்தாளிலும் பேச்சிலும் இரண்டும் ஒரே பெயரில் கலந்துவிட்டன. ஆகவே யாரிடமாவது தெரிவிக்கும்போது பெயரை மட்டும் சொல்லாமல், செடியையோ படத்தையோ காட்டுங்கள்.

பெயர்ப் பிழை எவ்வளவு விலை வைக்கும் என்பதற்குக் கேரளத்துக் கதை ஒன்று. அங்கே குட்டநாட்டு வயல்களிலும் கால்வாய்களிலும் சால்வினியா என்ற மிதக்கும் பெரணிக் களை பரவியது. ஊரார் அதை ஆப்பிரிக்கன் பாயல் என்றார்கள். இலங்கையிலும் 1939-இல் உள்ளே வந்து வயல்களைக் கெடுத்தது. அறிவியலாரும் இதை வேறொரு சால்வினியா என்று நெடுநாள் தவறாக எண்ணியிருந்தனர். அந்த வேறு செடியின் தாயகத்தில் தேடி, அங்கிருந்த வெட்டுக்கிளியையும் பிற பூச்சிகளையும் பல நாடுகளில் விட்டுப் பார்த்தனர். பெரிதாகப் பலன் இல்லை.

1972-இல்தான் இது தனி இனம் என்று தெளிந்து, அதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள். அதன் உண்மைத் தாயகம் தென்கிழக்குப் பிரேசில் என்பது 1978-இல் கண்டறியப்பட்டது. அங்கே அதைத் தின்னும் சிறிய கூன்வண்டு கிடைத்தது. 1980-இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் அதை விட்டார்கள். ஏறத்தாழ ஓராண்டில் ஏரி தெளிந்தது. 1980-களில் பெங்களூரிலும் கேரளத்திலும் அதே வண்டு விடப்பட்டு, சில ஆண்டுகளில் குட்டநாட்டுக் கால்வாய்களில் மறுபடி படகு ஓடியது. சரியான பெயர் தெரியாமல் எத்தனை ஆண்டு போயிற்று என்று எண்ணிப் பாருங்கள். பூச்சியைக் கொண்டுவந்து வளர்த்து விடுவது மட்டும் இந்தப் பணி அல்ல. இலையைத் திருப்பிப் பார்த்து "இது அது அல்ல" என்று சொல்வதும் இந்தப் பணிதான்.

நம் மூத்தவர்களுக்குச் சப்பாத்திக்கள்ளிக் கதை தெரிந்திருக்கும். தரிசெல்லாம் மண்டிய அந்தக் கள்ளியை அடக்க, வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டிக்கொள்ளும் ஒரு பூச்சியை 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்தார்கள். கள்ளிக்காடுகள் கரைந்தன. அதே முறையில் ஆகாயத்தாமரைக்கும் இரண்டு வகைக் கூன்வண்டுகள் 1982-இல் பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டு, பயிர்களைத் தின்னாது என்று சோதித்தபின் ஏரிகளில் விடப்பட்டன. ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் இடங்களில் இவை சில ஆண்டுகளில் நல்ல பலன் தந்தன. நம் மாவட்டத்து ஏரிகள் போலக் கோடையில் வறண்டுவிடும் இடத்தில் வண்டும் அழிந்துவிடும், திரும்ப விட வேண்டும். சாக்கடை கலக்கும் ஏரியில் வண்டு தின்பதைவிடச் செடி விரைந்து தழைக்கும். ஆகையால் வண்டை மட்டும் நம்பியிருக்க முடியாது. கழிவுநீரை நிறுத்துவதும் களைக் கட்டுப்பாடுதான்.

மீனும் வருகிறது, சிப்பியும் வருகிறது

செடி மட்டுமல்ல. ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்ப்போர் இங்கே இருக்கிறீர்கள். நாம் ஜிலேபிக் கெண்டை என்று சொல்லும் மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. புரதம் கிடைக்கும் என்ற நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். அது ஓயாமல் குஞ்சு பொரித்து, நாட்டு மீன்களோடு இடத்துக்கும் இரைக்கும் போட்டியிடுகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியோ அனுமதி இல்லாமலே உள்ளே வந்தது. மற்ற மீன்களைத் தின்று, காற்றையும் சுவாசித்து, அழுக்கு நீரிலும் பிழைத்து, மழைநாளில் ஈரத்தில் நகர்ந்து அடுத்த குட்டைக்கும் போகும். இந்திய அரசு இதன் வளர்ப்பைத் தடை செய்திருக்கிறது. இலாபம் அதிகம் என்று யாராவது குஞ்சு கொண்டுவந்தால் வாங்காதீர்கள். நாட்டுக் கெளுத்தியின் குஞ்சு என்று சொல்லியும் விற்கக்கூடும். மீன்வளத் துறை அலுவலரிடம் காட்டாமல் விடவேண்டாம். கட்லா, ரோகு, மிர்கால் போன்ற கெண்டை வகைகளை அரசு மீன் பண்ணையிலோ பதிவு பெற்ற பண்ணையிலோ வாங்குங்கள்.

கடலோரத்தில் நடந்ததையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எண்ணூர், பழவேற்காடு முகத்துவாரப் பகுதிகளில் தென் அமெரிக்கச் சிப்பி ஒன்று பரவியது. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். அது அடித்தரையில் பாய்போல் படிந்து, மட்டியையும் இறாலையும் விரட்டிற்று. கப்பல்கள் வழியாக வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. இதை முதலில் கண்டு முறையிட்டவர்கள் அங்கே கையால் இறால் தடவிப் பிடிக்கும் மீனவர்கள். பிறகுதான் அறிவியலார் பெயர் கண்டனர், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு விசாரித்தது. நீரில் நிற்பவன் கண்ணுக்குத்தான் மாற்றம் முதலில் படுகிறது. அந்தக் கண்ணோடு படிப்பும் சேர்ந்தால் எவ்வளவு நன்று! உழவர் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பணிக்கு வர வேண்டும் என்று நான் விரும்புவது அதனால்தான்.

எந்தப் படிப்பு, எங்கே வேலை?

இப்போது அந்தத் தந்தையின் கேள்விக்கு வருகிறேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும். "நீர்வாழ் அயல் இனக் கொள்கை அலுவலர்" என்று விளம்பரம் வரும் எனக் காத்திருந்தால் வராது. வேறு பெயரில் உள்ள பல பதவிகளில் இந்த வேலை அடங்கியிருக்கிறது. சம்பளம் பெரிதாக இல்லாத தற்காலிக ஆய்வுப் பணியில் சில ஆண்டு இருக்க நேரலாம். அதைத் தெரிந்துகொண்டே வர வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்த பிள்ளைக்கு மூன்று வழி உண்டு. முதல் வழி வேளாண்மைப் பட்டப்படிப்பு. நம் மாவட்டத்திலேயே வாழவச்சனூரில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அத்தியந்தலில் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் ஆராய்ச்சிப் பணி எப்படி நடக்கிறது என்று பிள்ளைக்கு ஓர் எண்ணம் கிடைக்கும். பட்டத்துக்குப் பின் உழவியலில் களை மேலாண்மையோ, பூச்சியியலில் உயிரியல் கட்டுப்பாடோ மேற்படிப்பாக எடுக்கலாம். இரண்டாம் வழி மீன்வள அறிவியல். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-இல் தொடங்கியது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளப் பல்கலைக்கழகம் 2012 முதல் இயங்குகிறது. மூன்றாம் வழி, கலை அறிவியல் கல்லூரியில் தாவரவியலோ விலங்கியலோ படித்து, சூழலியலிலோ சுற்றுச்சூழல் சட்டத்திலோ மேற்படிப்புக்குப் போவது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கும் இந்த மூன்றாம் வழி எட்டும்.

வேலை கிடைக்கும் இடங்கள் இவை. ஜபல்பூரில் மத்திய அரசின் களை ஆராய்ச்சி இயக்ககம் உள்ளது. பெங்களூரில் வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசிய மையம் உள்ளது. வெளிநாட்டுச் செடியும் விதையும் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் இறங்கும்போது சோதிக்கும் தாவரத் தொற்றுத் தடுப்புப் பணி உள்ளது. இதற்கென 2003-இல் ஆணை வெளியிடப்பட்டு நடைமுறையில் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. வனத்துறைப் பணி உண்டு. வேளாண்மைப் பட்டதாரியும் இந்திய வனப் பணித் தேர்வு எழுதலாம். தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்கள் பற்றித் தனிக் கொள்கையே வெளியிட்டது. இப்படிக் கொள்கை வெளியானால், அதை நடத்தத் தெரிந்தவர்கள் வேண்டும்.

உலக அளவிலும் தேவை பெருகுகிறது. 2022 திசம்பரில் நாடுகள் கூடி, 2030-க்குள் இத்தகைய இனங்கள் புதிதாக நுழைவதைப் பாதியாகக் குறைப்பது என்று முடிவு செய்தன. 2023-இல் பல நாட்டு அறிவியலார் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டில், மனிதனால் இடம் மாறிய அயல் இனங்கள் 37,000-க்கு மேல், அவற்றில் கேடு செய்பவை 3,500-க்கு மேல் என்று கணக்கிட்டார்கள். இதற்கெனத் தனிச் சட்டமோ விதியோ உள்ள நாடுகள் நூற்றுக்கு 17 மட்டுமே. மீதி நாடுகளில் வேலை இனிமேல்தான் நடக்க வேண்டும்.

படிப்போடு இரண்டு பழக்கம் வேண்டும். ஒன்று, பார்த்ததைத் தேதியோடு எழுதிவைக்கும் பழக்கம். மற்றொன்று, தமிழில் உழவருக்கும் ஆங்கிலத்தில் அலுவலகத்துக்கும் ஒரே செய்தியைத் தெளிவாகச் சொல்லும் பழக்கம். இவை இருந்தால் அந்தப் பெண்ணைத் தயங்காமல் படிக்க வையுங்கள்.

நாம் இன்று செய்யக்கூடியவை

பிள்ளை படித்து வரும்வரை ஏரி காத்திருக்காது. ஆகவே நாம் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

1. மாதம் ஒருமுறை ஏரியைச் சுற்றிப் பாருங்கள். மதகு, வரத்துக் கால்வாய் வாய், கோடி ஆகிய மூன்று இடங்களில் களை முதலில் தங்கும்.

2. புதுச் செடி கண்டால் பூக்கும் முன் வேரோடு எடுங்கள். ஒரு துண்டு தப்பினாலும் தழைக்கும்.

3. எடுத்ததைக் கரையின் நீர்ப்பக்கச் சரிவில் குவிக்காதீர்கள். மழைநீர் ஏரிக்கு வடியாத மேட்டு நிலத்தில் பரப்பி, வெயிலில் நன்கு காயவிடுங்கள். பூக்காத செடியைச் சாணத்தோடு சேர்த்து மக்கவைத்தால் நல்ல உரம். ஆலைக் கழிவோ நகரக் கழிவோ கலக்கும் நீரில் வளர்ந்ததைக் கால்நடைக்கும் காய்கறி நிலத்துக்கும் பயன்படுத்தாதீர்கள்.

4. உரத்துக்கு ஆகும், கூடை பின்ன ஆகும் என்று யாரும் இதை வளர்க்க வேண்டாம். இருப்பதை அழிக்கும்போது பயன்படுத்துவது சரி. பயனுக்காக ஒரு மூலையில் விட்டுவைப்பது, விதைக்கிடங்கை நாமே காவல் காப்பதாகும்.

5. களைக்கொல்லியைத் தனியாள் முடிவாக ஏரியில் தெளிக்காதீர்கள். கால்நடை குடிக்கும், மீன் இருக்கும், பாசன நீர் பயிருக்குப் போகும். செத்த களை மொத்தமாக அழுகினால் மீனும் சாகும். வேளாண் அலுவலரைக் கேட்டபின்பே எதுவும் செய்யுங்கள்.

6. களை வாரிய இயந்திரம், வலை, பரிசல் ஆகியவை வேறு ஏரிக்குப் போகுமுன் கழுவி, ஒட்டிய துண்டுகளை எடுத்துவிடுங்கள். களை இருந்த ஏரியின் வண்டல் மண்ணை மேட்டுப் பயிர் நிலத்தில் போடலாம். பண்ணைக்குட்டைக் கரையிலோ வேறு குளத்துக்கு அருகிலோ கொட்ட வேண்டாம்.

7. இப்பகுதிக்குப் பல ஊர்களிலிருந்தும் நாடுகளிலிருந்தும் அன்பர்கள் வந்து தங்குகிறார்கள். வீட்டிலும் விடுதியிலும் அழகுக்கு நீர்ச்செடித் தொட்டியோ மீன் தொட்டியோ வைத்திருந்தால், வேண்டாதபோது தீர்த்தத்திலும் ஏரியிலும் கொட்டக்கூடாது என்று எடுத்துச் சொல்லுங்கள். தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று விற்கும் கவச உடல் மீன் இப்படித்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளுக்குள் வந்துவிட்டது. மீனை நீரில் விடுவது புண்ணியம் என்று நினைத்து விட்டாலும் ஏரிக்குக் கேடுதான்.

8. யாரிடம் சொல்வது என்பதைத் தெரிந்துவைத்திருங்கள். 40 எக்டர், அதாவது 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டுள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை.

9. கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. தீர்மானத்தில் நான்கு விவரம் இருக்கட்டும். களையைக் கண்டால் யார் எடுப்பது, கூலி எந்தக் கணக்கில், எடுத்ததை எங்கே போடுவது, எந்த அலுவலருக்கு எத்தனை நாளில் தெரிவிப்பது. ஊராட்சியின் உயிரியல் பன்மய மேலாண்மைக் குழுப் பதிவேட்டிலும் ஏரியில் உள்ள செடி, மீன் வகைகளைப் பதிவு செய்யுங்கள். முன்பு என்ன இருந்தது என்று எழுதிவைத்தால்தான் புதிதாக எது வந்தது என்று காட்ட முடியும்.

உழவர் பெருமக்களே, அந்த நான்கு விவரமும் அன்று எழுதிவைக்கப்பட்டிருந்தால், அந்த நீர்க்கட்டிப் பெரியவர் என்னிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்திராது. நான்கு ஆள், அரை நாள் வேலை. அதைச் செய்யவிடாமல் நான் தடுத்ததால் ஓர் ஊரின் கடைமடை ஒரு போகம் இழந்தது. பிறகு நான் எழுதிய குறிப்பு ஒவ்வொன்றிலும், வரைவு விதி ஒவ்வொன்றிலும் அவர் நின்றார். "இந்த விதியை வைத்துக்கொண்டு அவர் அன்றே வாரியிருக்க முடியுமா?" என்று கேட்டுப் பார்ப்பேன். முடியாது என்றால் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுவேன்.

கேள்வி கேட்ட நண்பர் இங்கே அமர்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஐயா, உங்கள் மகள் கேட்ட வேலை உண்டு. மேல்நிலைத் தேர்வு முடிந்து விடுமுறை வரும்போது, மகளை நோட்டும் பென்சிலுமாக உங்கள் ஊர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். என்ன செடி, என்ன மீன், எந்த மதகு ஓரம் என்று எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரியாததைப் படம் எடுத்து நம் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டு வரட்டும். அந்தப் பெண்ணின் முதல் நாள் வேலை அதுதான்.